இருளுக்கும் கணக்கு உண்டு!

விளக்கு அணைகிறது. விசிறி நிற்கிறது. வீதி முழுவதும் ஒரு நொடியில் இருள் கவிகிறது. வாயிற்படிக்கு வந்து நிற்கும் மக்களிடையே மூன்று குரல்கள் எழக் கேட்கிறோம்.

"எல்லாம் காலக்கோளாறு, நம் தலையெழுத்து" என்பது முதற்குரல். "ஆள்வோர் சரியில்லை, ஆட்சி மாறினால் விளக்கு எரியும்" என்பது இரண்டாவது குரல். "அணில் ஓடியிருக்கும், கிளை முறிந்திருக்கும், வேறொன்றுமில்லை" என்பது மூன்றாவது குரல்.

முதற்குரலுக்கு மறுமொழி கூறத் தேவையில்லை. தலையெழுத்தில் டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதியவர் எவருமில்லை! இரண்டாவது குரலில் உண்மை உண்டு. ஆனால் அரை உண்மை. ஆட்சிகள் மாறிய பின்னும் விளக்குகள் அணைந்ததை நாடு கண்டிருக்கிறது. மூன்றாவது குரலோ நாட்டையே நகைக்க வைத்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர், கம்பிகளின்மேல் ஓடும் அணில்களும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று கூறியபோது கேலிக்குக் குறைவில்லை. நகைத்தோர் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. அமெரிக்காவின் நாஸ்டாக் என்னும் பெரும் பங்குச் சந்தையின் வணிகம், 1987-லும் 1994-லும் அணில் ஒன்று விளைத்த மின்தடையால் நின்றுபோயிற்று. ஆகவே அணில் பொய்யன்று.

ஆனால் அணில் நேற்றா பிறந்தது? ஆடிக்காற்று நேற்றா வீசத் தொடங்கிற்று? மரம் அன்றும் இருந்தது. மழை அன்றும் பெய்தது. ஓர் அணிலின் வாலுக்கு அஞ்சுமளவுக்கு நம் கம்பித்தொடர் ஏன் நலிந்து கிடக்கிறது? இதுவே நாம் கேட்கவேண்டிய கேள்வி. மதுரை மாநகரிலும், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று அதனைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளியிலும், வீட்டு மின்சாரம் அடிக்கடி நிற்கிறது என்ற முறையீடு கோடைதோறும் எழுகிறது. இந்த முறையீட்டுக்கு விடை வானத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

நீலகிரியில் பைகாரா ஆற்றின் நீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலை 1929-ல் தொடங்கிற்று. 1932-ல் மின்சாரம் பிறந்தது. அதன் பின்னர் 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். மலையில் விழுந்த நீர், சமவெளியில் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிற்று. கிணற்று நீரை மேட்டுக்கு ஏற்றிற்று. கோவை நகரம் ஆலை நகரமாயிற்று.

எனினும், அந்நாளில் மின்சாரம் என்பது பெரும்பாலும் வாணிகச் சரக்கு. நகரங்களுக்கு அதை விற்றவை தனியார் நிறுவனங்கள். மதுரை நகருக்கும் ஒரு தனியார் நிறுவனமே மின்சாரம் வழங்கிற்று. விற்பவன் எங்கே கம்பி நடுவான்? வாங்குபவன் இருக்கும் தெருவில் நடுவான். குடிசைக்கு ஒரு விளக்கால் என்ன இலாபம்? கடைத்தெருவுக்கு ஒளி, உழைப்பாளர் குடியிருப்புக்கு மண்ணெண்ணெய்! இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. செல்வம் கொழித்த அமெரிக்காவிலும் 1935-ல், பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. "இலாபமில்லை" என்று தனியார் கைவிரித்தனர். அரசு முன்வந்து, நாட்டுப்புற மின்மயத்துக்கென்று தனித்துறை கண்டு, உழவர் கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுத்த பிறகே அங்கும் வயல்வெளியில் விளக்கு எரிந்தது.

இங்கும் அதே பாடம் கற்கப்பட்டது. சென்னை நகரின் மின்நிறுவனத்தை 1947-ல் அரசு ஏற்றது. ஏனைய தனியார் நிறுவனங்களையும் எடுத்துக்கொள்ள 1949-ல் சென்னை மாகாணம் சட்டம் செய்தது. முதலாளிகள் நீதிமன்றம் ஏறினர். 1954-ல் உச்ச நீதிமன்றத்தில் அச்சட்டம் செல்லாது என்றாயிற்று. அரசு ஓயவில்லை, அதே ஆண்டில் புதுச்சட்டம் பிறந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சென்னை மாநில மின்வாரியம் உருவாயிற்று. ஒளி என்பது விலைபேசும் சரக்கன்று, பொதுவுடைமை என்ற கருத்துக்குக் கிடைத்த வெற்றி அது.

மதுரைச் சமவெளிக்கு இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. மேற்கே பாயும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது பென்னிகுவிக் முடித்த 1895-ஆம் ஆண்டின் அணை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நீர், சுரங்கத்திலிருந்து மலைச்சரிவில் வீணே விழுந்துகொண்டிருந்தது. விழும் நீரில் விசை உண்டு என்று உணர்ந்து, கூடலூருக்கு மேலே மலையடிவாரத்தில் மின்நிலையம் அமைத்தனர். 1958 முதல் அங்கே மின்சாரம் பிறக்கிறது. மேலூர் உழவனின் வயலுக்குப் பாயும் அதே நீர், வரும் வழியில் அவன் வீட்டு விளக்குக்கும் ஒளி சேர்த்துவிட்டு வருகிறது! வேள்வி வளர்த்துப் பெற்ற வரமன்று இது; அளவுகோலும் அறிவும் கொண்டு பெற்றது.

கம்பி ஊருக்குள் நுழைந்தது. ஆனால் எந்த ஊருக்குள்? இங்கேதான் நம் சமுதாயத்தின் நோய் தெரிகிறது. மின்வாரியத்தின் பழைய கணக்குகளைப் பார்ப்போர் ஒன்று காண்பர்: மின்னொளி பெற்ற ஊர்கள் இத்தனை என்று ஒரு பட்டியல், மின்னொளி பெற்ற ஆதிதிராவிடர் குடியிருப்புகள் இத்தனை என்று வேறொரு பட்டியல். ஏன் இரண்டு பட்டியல்? கம்பி, ஊர் எல்லையில் நின்று, சேரிக்குள் செல்லப் பின்னும் காலம் எடுத்துக்கொண்டதால்! மின்சாரத்துக்குச் சாதி இல்லை. செம்புக்கம்பி எவர் கையென்று பார்த்துப் பாய்வதில்லை. கம்பத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் சாதி இருந்தது. ஒளி வந்த வழியிலேயே இருளைப் பங்கிடும் முறையும் வந்துவிட்டது என்பதை நாம் நினைவில் நிறுத்தவேண்டும்.

இனி, இருளைப் பார்ப்போம். மின்தடை என்று ஒரு சொல்லால் நாம் குறிப்பது, உண்மையில் இருவகை நோய். ஒன்று, ஆக்கும் இடத்தில் பற்றாக்குறை. மற்றொன்று, கொண்டுவரும் வழியில் பழுது. முதல் நோயை மின்வெட்டு என்கிறோம். இரண்டாவதை மின்தடை என்கிறோம். நோய் வேறானால் மருந்தும் வேறு.

முதல் நோய் நம்மைப் பிடித்தது 2008-ல். விட்டது 2014-ல். அன்று பள்ளி மாணவராய் இருந்து, அரிக்கேன் விளக்கிலும் மெழுகுவத்தியிலும் தேர்வுக்குப் படித்த தலைமுறையினர் நாம்; இன்று ஆசிரியராய் நின்று, அதே பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 2012-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் திங்களில் மதுரையிலும் தென்மாவட்டங்களிலும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கும் மேலாக மின்சாரம் இல்லை. செல்லூரில் தறி நின்றது. கப்பலூரில் பட்டறை நின்றது. மாவரைக்கும் கல்லும் நின்றது.

ஏன் வந்தது அந்தப் பஞ்சம்? மின்சாரம், அண்டாவில் நிறைத்து வைத்து வேண்டும்போது மொண்டுகொள்ளும் பொருளன்று. இந்த நொடியில் எவ்வளவு செலவோ, அவ்வளவும் இந்த நொடியிலேயே ஆக்கப்பட வேண்டும். நொடிக்கு ஐம்பது சுழற்சி என்னும் தாளத்தில் எல்லா மின்நிலையங்களும் ஒருசேரச் சுழல்கின்றன. செலவு மிஞ்சினால் தாளம் தளரும். மிகத் தளர்ந்தால் தொடர் முழுவதும் சரியும். அதைத் தடுக்கவே சில பகுதிகளை அறுத்துவிடுகின்றனர். அந்த அறுப்பே மின்வெட்டு.

செலவு ஆண்டுதோறும் ஏறிற்று, ஆக்கம் ஏறவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் முடிந்தது 1996-ல். அதன் பிறகு மின்வாரியம் தன் சொந்தப் பொறுப்பில் அமைத்த அடுத்த பெரிய நிலக்கரி நிலையம் இயங்கத் தொடங்கியது 2012-க்குப் பிறகு! இடையே பதினாறு ஆண்டுகள். அந்தப் பதினாறு ஆண்டுகளில் இரு கட்சிகளும் ஆண்டன. சோவியத்து நாட்டோடு 1988-ல் ஒப்பந்தமான கூடங்குளம், 2013-ல்தான் தன் முதல் மின்சாரத்தைத் தொடருக்கு அனுப்பிற்று. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் காற்றாலைகள் ஆடியில் ஆடின, ஐப்பசியில் அடங்கின. 2012 அக்டோபரில் பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட்டை எட்டியது.

அயலில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க வழி குறுகலாக இருந்தது. தென்னகத் தொடர் அன்று வடக்குத் தொடரோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. 2012 ஜூலை 30, 31 நாட்களில் வடநாட்டுத் தொடர் சரிந்து அறுபது கோடி மக்கள் இருளில் கிடந்தபோது, அந்தப் பிரிவினால் தெற்கு தப்பிற்று. அதே பிரிவினால்தான் தெற்கு பசித்திருந்தபோது அங்கிருந்து போதிய அளவு கொண்டுவர இயலாமலும் போயிற்று. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர்ப் பாதை வழியே இரண்டும் இணைந்தன. புதிய நிலையங்களும் இயங்கின. 2014-ல் மின்வெட்டு நீக்கப்பட்டது. எந்தத் தெய்வத்துக்கும் தேங்காய் உடைத்து வந்ததன்று அந்த ஒளி. கட்டவேண்டியதைக் கட்டியதால் வந்தது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு வாக்கில் மின்சாரம் போதாமற் போகும் என்று 1998-லேயே அந்நாட்டு அரசின் வெள்ளையறிக்கை எச்சரித்தது. கட்டவேண்டிய நேரத்தில் கட்டவில்லை. 2008-ல் அந்நாடு இருண்டது. முன்கூட்டியே தெரிந்தும் வந்த இருளை விதி என்பதா, மதியின்மை என்பதா?

இருள் வந்தது ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பங்கிட்ட முறை எப்படி? 2012 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி. ஏனைய மாவட்டங்களுக்கு நான்கு மணி. அறிவிக்கப்படாத கணக்கோ, மேலே கண்டபடி, பன்னிரண்டையும் தாண்டிற்று. தலைநகரில் வாழ்பவன் கண்ணுக்கு ஒரு நீதி, தமிழ்ச் சங்கம் வைத்த தலைநகரில் வாழ்பவன் கண்ணுக்கு வேறொரு நீதி! ஊருக்கு முதலில், சேரிக்குப் பிறகு என்ற பழைய பட்டியலின் புதிய பதிப்பன்றோ இது?

பழியைப் பங்கிட்ட முறையும் அப்படியே. "ஏழைக்கு இலவசத் தொலைக்காட்சி கொடுத்தார்கள், மின்சாரம் தீர்ந்துவிட்டது" என்று குளிரறையில் அமர்ந்து பேசியோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசு அளித்த சிறிய வண்ணத் தொலைக்காட்சி உண்ணும் விசை நூறு வாட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் குளிரூட்டி உண்பது ஏறத்தாழ 1,500 வாட். பதினைந்து குடிசைத் தொலைக்காட்சிகள் ஒன்றுகூடினும் ஒரு குளிரறைக்கு ஈடாகா! உழவர்மீதும் அதே பழி. 1984-ல் சிறு உழவர்க்கும், 1990-ல் உழவர் அனைவர்க்கும் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்பட்டது உண்மை. ஆயின் அந்த உழவனுக்கு மும்முனை மின்சாரம் கிடைத்தது நாளில் சில மணி நேரமே. அதுவும் பாம்புக்கு அஞ்சி நள்ளிரவில் கிணற்றடிக்குப் போய் மோட்டாரை இயக்கவேண்டிய வேளையில். அவன் பெற்றது சலுகையா, சாமக்காவலா?

முதல் நோய் தணிந்தது. இன்று மதுரை வீடுகளை வாட்டுவது பெரும்பாலும் இரண்டாவது நோய். ஆக்கும் இடத்தில் மின்சாரம் இருக்கிறது. அடுக்களைக்கு வந்து சேர்வதில்லை. 2024 மே 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் உச்சத்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அதைத் தொடர் தாங்கிற்று. தாங்காதது எது? தெருமுனை.

மின்சாரம் வரும் வழியை அறிந்துகொள்வோம். பெருநிலையத்திலிருந்து உயர் அழுத்தத்தில் துணை மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து பீடர் எனப்படும் தடங்களில் பிரிந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரை அடைகிறது. அங்கே அழுத்தம் குறைந்து, கம்பம் கம்பமாய் வீட்டுக்குள் நுழைகிறது. இந்தக் கடைசிக் கால்மைல்தான் நம் துன்பத்தின் இருப்பிடம்.

நூறு வீடுகளுள்ள ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு விசிறி, மூன்று குழல்விளக்கு என்று வைத்தால், நூறு வீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 27 கிலோவாட். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று அதை எளிதில் சுமக்கும். அந்த நூற்றில் ஐம்பது வீடுகள் ஆளுக்கொரு குளிரூட்டி பொருத்தின. அவை அனைத்தும் ஒரே இரவில் ஓடுகின்றன என்று கொள்வோம். கூடுவது 75 கிலோவாட். 27-ம் 75-ம் நூற்றிரண்டு! குளிர்பெட்டியும் மோட்டாரும் இன்னும் கணக்கில் வரவில்லை. டிரான்ஸ்பார்மரோ முன்பு வைத்ததே. முற்காலத்தில் பகலில் சூடேறிய அதன் எண்ணெய், இரவில் ஆறும். இப்போது கோடை இரவும் வெப்பம். சுமையும் இரவிலேயே உச்சம். ஆற நேரமில்லை. பீஸ் போகிறது, ஒரு பேஸ் போகிறது, ஒருநாள் டிரான்ஸ்பார்மரே போகிறது. பின்னிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வருகிறோம்.

குளிரூட்டி வாங்கியவர் குற்றவாளியா? அன்று. வெயிலில் வாடும் முதியவரும் நோயாளியும் குளிர்ச்சி நாடுவது குற்றமாகாது. தெரு வளர்ந்ததைக் கண்டும், தெருமுனையை வளர்க்காததே குற்றம். அதற்கும் காரணம் உண்டு. வாரியத்தின் கடன் ஒரு இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2014-க்குப் பிறகு 2022 வரை கட்டணத்தை உயர்த்தும் துணிவு எவர்க்கும் இல்லை. கொடுத்த சலுகைக்கு உரிய பணத்தை முழுமையாகத் தரும் மனமும் இல்லை. வட்டி கட்டவே கடன் வாங்கும் வீட்டில் கூரை மாற்றுவது எவ்வாறு? வாரியம் 2010-ல் இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024-ல் பெயரும் மாறிற்று. பெயர்ப்பலகையின் புதுமையால் பழைய கம்பி புதிதாகிவிடுமா?

கம்பியைக் காக்கும் கைகளும் குறைந்தன. களப்பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கொட்டும் மழையில் கம்பம் ஏறும் கம்பியாளும், நிலையான வேலையும் உரிய காப்பும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியும் உயிரைப் பணயம் வைத்துத்தான் நமக்கு ஒளி தருகின்றனர். அறிவித்துச் செய்யும் மாதாந்திரப் பராமரிப்பு அன்று, காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படுகிறது. ஆள் குறைந்தால் கிளை வெட்டுவது குறையும். கிளை வெட்டாவிட்டால் அடுத்த காற்றில் தடை நேரும். மண்ணுக்கடியில் புதைத்த கேபிளுக்கு அணிலும் இல்லை, கிளையும் இல்லை. சென்னையின் பல பகுதிகள் அந்த வசதியை நெடுநாளாய்ப் பெற்றிருக்க, மதுரையின் பெரும்பகுதிக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் தலைக்குமேல் தொங்கும் கம்பிதான்.

'சிறிதுநேர இருள்தானே' என்று பொறுத்துக்கொள்ளலாமா? 2019 மே 7-ஆம் நாள் மாலை மதுரையில் காற்றும் மழையும் வீசின. மின்சாரம் நின்றது. அரசு இராசாசி மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்த நோயாளர் ஐவர் மாண்டனர். மின்தடையும், ஜெனரேட்டர் உடனே இயங்காமையுமே காரணம் என்று கதறினர் உறவினர். நோயின் கடுமையே காரணம் என்றது மருத்துவமனை. அவ்வழக்கின் தீர்ப்பை எழுதுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு. பணம் படைத்தவன் இருளை இன்வெர்ட்டரால் விலக்கிக்கொள்கிறான். தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறான். அரசு மருத்துவமனையின் கட்டிலில் கிடப்பவனுக்குப் பொதுக்கம்பி ஒன்றே துணை. மின்தடை எல்லார்க்கும் பொது என்பது மேலோட்டமான பேச்சு.

ஆகவே, தோழர்களே! இருளைக் கண்டு சலிப்பதும் சபிப்பதும் போதா. கணக்குக் கேட்கக் கற்போம். மின்சாரம் தடைபட்டால் இத்தனை நேரத்துள் சீர்செய்யவேண்டும், தவறினால் நுகர்வோர்க்கு இழப்பீடு தரவேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே விதி வகுத்தது. 2020-ல் ஒன்றிய அரசும் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. இந்த உரிமைகள் ஏட்டில் உறங்குகின்றன. எழுப்புவோர் யார்?

ஒவ்வொரு தெருப் படிப்பகத்திலும் ஒரு குறிப்பேடு வைப்போம். மின்சாரம் நின்ற நாள், நேரம், திரும்பிய நேரம், எந்த டிரான்ஸ்பார்மர், என்ன பழுது என்று எழுதுவோம். ஊரில் எத்தனை, காலனியில் எத்தனை என்று ஒப்பிடுவோம். மூன்று திங்கள் எழுதினால் போதும். எந்தத் தெருமுனை நோயுற்றது என்பது தானே தெரியும். மின்னகத்துக்கு முறையிட்டு எண் வாங்குவோம். திங்கள்தோறும் நடக்கும் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த ஏட்டை விரித்து வைப்போம். 'இந்த டிரான்ஸ்பார்மரின் சுமை எவ்வளவு? இங்கே புதியது எப்போது? இந்தப் பிரிவில் காலியாய்க் கிடக்கும் கம்பியாள் இடங்கள் எத்தனை?' என்று பெயரும் எண்ணும் குறித்துக் கேட்போம். கேட்போர் பெருகினால், சொல்லவேண்டிய கட்டாயம் பிறக்கும். சொல்லத் தொடங்கினால், செய்யவேண்டிய கட்டாயமும் பிறக்கும்.

பைகாராவை நமக்குத் தந்தது அளவெடுத்த அறிவு. மின்வாரியத்தைத் தந்தது, ஒளி பொதுவுடைமை என்ற கொள்கை. அறிவும் கொள்கையும் சேர்ந்தே விளக்கேற்றின. அந்த விளக்கு அணையாமல் காக்கத் தேவைப்படுவது ஒரு பென்சிலும், ஒரு குறிப்பேடும், அஞ்சாமல் கேட்கும் நாவும். மூன்றும் நம்மிடம் உண்டு. அடுத்த கோடைக்கு முன்னே தொடங்குவோம்!